கூரைக்காரர் போட்ட தரை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்பும் வயதில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் இடிக்கும். இதில் குருவுக்கு வயது முப்பத்தைந்து. பெயர் ரோவீனா. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. பெயர் டெல்பர்ட். போதாக்குறைக்கு அவர் குருவுக்குத் தாய்மாமன்.

இருவரும் சிக்கசா இனத்தார். அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஓர் இனம். மிசிசிப்பிப் பக்கம் வாழ்ந்தவர்களை ஒரு காலத்தில் வெள்ளைக்கார அரசு கிளப்பி ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டது. போன இடத்தில் ஊர் கட்டினார்கள், மக்காச்சோளம் விதைத்தார்கள், விட்ட இடத்திலிருந்து ஆட ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் அவர்களில் தாய்மாமன்தான் அக்கா தங்கை பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பான். இங்கே மருமகள் மாமனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தலைகீழ்தான். இந்தக் கதையில் இன்னும் ஒரு விஷயம் தலைகீழாக வரும்.

ரோவீனாவின் பட்டறை முன்பு டயர் கடையாக இருந்தது. எத்தனை முறை கழுவியும் ரப்பர் வாசனை போகவில்லை. முன்னோர்கள் சங்குத் தகட்டில் செதுக்கிய மரங்கொத்தியையும் சூரியனையும் சுருளையும் அவள் கூடைப்பந்துக் காலணியில் போடுவாள், லாரிக் கதவில் போடுவாள். ஊர்ப் பேருந்து நிழற்குடையில் அவள் போட்ட மரங்கொத்தி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும். சிலர் அதை மெச்சினார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டு தரப்பும் அதே நிழற்குடையில் உட்கார்ந்துதான் பேருந்துக்குக் காத்திருந்தார்கள்.

டெல்பர்ட் இருபத்தைந்து வயதில் டல்லாஸுக்குப் போனவர். அங்கே வணிக வளாகங்களுக்குக் கூரை அலங்காரம் வரைந்து கொடுப்பது வேலை. ஆயுசு முழுக்க அழகழகாக வரைந்தார். கடைக்கு வந்தவர்கள் துணியைப் பார்த்தார்கள், விலையைப் பார்த்தார்கள். அண்ணாந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பி, மருமகளின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கும் சொல்லிக்கொடுப்பியாம்மா?"

"பட்டறைக்குள்ள நான் டீச்சர். சம்மதமா மாமா?"

"சம்மதம் டீச்சர்."

"அப்ப தரையைப் பெருக்குங்க."

பெருக்கினார். பெருக்கி முடித்துத் துடைப்பத்தைச் சாத்தியதும், இத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"நம்ம வேலையில பழசு எத்தனை பங்கு இருக்கணும், புதுசு எத்தனை பங்கு இருக்கணும்?"

ரோவீனா யோசித்தாள்.

"அந்த மூலையைப் பெருக்கலையே மாமா," என்றாள்.

*

ஒருநாள் எட்னா அத்தை பட்டறைக்கு வந்தார். ஊர் ஆட்டத்தில் பெண்களுக்கெல்லாம் முதலில் நிற்பவர் அவர். அந்த ஆட்டத்தில் முன்னால் போகும் ஆண் ஓர் அடி பாடுவார், பின்னால் வரும் ஆண்கள் பதிலுக்குப் பாடுவார்கள். பெண்கள் காலில் கட்டிய சலங்கையால் தாளம் போடுவார்கள். பாட்டு, பதில், சலங்கை, தரையில் விழும் மிதி. வேறு மேளம் கிடையாது.

சலங்கை என்றதும் நம்மூர் வெண்கலமணி நினைவுக்கு வரும். இது வேறு. ஆமை ஓட்டுக்குள் கூழாங்கல்லைப் போட்டு, அப்படிப் பல ஓடுகளைத் தோலில் கோத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கட்டிக்கொள்வார்கள். பிற்காலத்தில் யாரோ ஒரு புண்ணியவதி, காலியான பால் டப்பாக்களில் கல்லைப் போட்டுக் கட்டிப் பார்த்திருக்கிறாள். அதுவும் நிலைத்துவிட்டது.

எட்னா அத்தை இரண்டு சோடி கொண்டுவந்திருந்தார், ஆமையில் ஒன்று, டப்பாவில் ஒன்று. டப்பாச் சோடியில் ஒரு வார் அறுந்திருந்தது.

டெல்பர்ட் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கோணியது.

"இது நம்மது இல்லையே டீச்சர். பால் டப்பா."

"கண்ணை மூடிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நில்லுங்க."

நின்றார். ரோவீனா அறுந்த வாரை முடிச்சுப் போட்டுக் கொடுக்க, எட்னா அத்தை ஒரு சோடியைக் கட்டிக்கொண்டு பட்டறையைச் சுற்றி வந்தார். அவிழ்த்துவிட்டு வேறொரு சோடியைக் கட்டிக்கொண்டு மறுபடி சுற்றினார்.

"எது ஆமை? எது டப்பா?" என்று ரோவீனா கேட்டாள்.

"முதல்ல வந்ததுதான் ஆமை. இல்ல, இருங்க. ரெண்டாவது..."

"சரி, உங்க கால் என்ன பண்ணிட்டிருக்கு?"

டெல்பர்ட் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். அவருடைய வலது குதிகால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவரைக் கேட்காமலே தட்டிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குப் பாடம் முடிஞ்சது," என்றாள் ரோவீனா.

எட்னா அத்தை டப்பாவைத் துடைத்தார். "ஆமைங்களும் கொஞ்ச நாள் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே," என்றார். பிறகு டெல்பர்ட்டைப் பார்த்தார். "கால் இவ்வளவு நல்லா தட்டுதே. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வாயேன்."

"பார்க்க வர்றேன்."

"பார்க்கத்தான் வருஷம் முழுக்க வர்றியே. காரைச் சாத்திட்டு அதோட ஒட்டிக்கிட்டு நிக்கிறே."

டெல்பர்ட்டுக்குக் காது சிவந்தது.

"அத்தை, நான் போயி முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. எந்த இடத்துல என்ன பதில் பாடணும்னு மறந்துபோச்சு. வரிசைக்கு நடுவுல நின்னு வெறும் வாயை அசைக்க எனக்கு வெட்கமா இருக்கு."

எட்னா அத்தை அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவருக்கு வற்புறுத்தத் தெரியாமல் இல்லை. நேரம் பார்ப்பவர்.

*

அந்த வருஷம் ஊரில் வட்டமாக ஒரு மண்டபம் கட்டினார்கள். கல்யாணம், கூட்டம், ஆட்டம் எல்லாவற்றுக்கும் பொதுவானது. தரை அலங்காரத்தை ரோவீனாவிடம் கேட்டார்கள். அவள் வேலையை டெல்பர்ட்டின் தலையில் கட்டிவிட்டாள்.

"நான் கூரைக்காரன் டீச்சர்!"

"கூரைக்கு நேர் கீழதான் தரை இருக்கு. பெரிய தூரம் ஒண்ணும் இல்ல."

டெல்பர்ட் மறுத்துப் பார்த்தார். அப்புறம் மறுக்கிற குரலே மெலிந்துவிட்டது. காலி மண்டபத்தின் நடுவில் போய் நின்று சுற்றும் பார்த்தார்.

"என் காலுதான் வரிசையில சேராது," என்றார். "என் தரையாவது ஆட்டத்துக்குள்ள இருக்கட்டும்."

எதற்கெடுத்தாலும் கேலி பேசும் ரோவீனா அன்றைக்கு அளவுநாடாவின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் வரைந்தது ஒரு பெரிய சுருள். வாசலில் ஆரம்பித்து, அகலமான பாதையாகச் சுற்றிச் சுற்றி, மண்டபத்தின் நடுவில் ஒரு சூரியனில் போய் முடியும். பாதைக்குச் சிவப்பு ஓட்டுத் துண்டுகளும் ஆற்றுக் கூழாங்கல்லும். ஓரம் முழுக்கப் பாம்பின் முதுகில் இருக்கும் கட்டம், கறுப்புக் கல்லில். இடையிடையே மெல்லிய பித்தளைப் பட்டை. அந்தப் பழக்கம் டல்லாஸ் வணிக வளாகத்துக் கூரையிலிருந்து அவரோடு ஊர் திரும்பியது. ஆடுகிறவர்கள் வாசலில் நுழைந்து, பாதையோடு ஆடிக்கொண்டே போய்ச் சூரியனைச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

"பித்தளை புதுசு. பாம்புக் கட்டம் பழசு. பங்கு சரியா இருக்கா டீச்சர்?"

"எனக்குக் கண்ணு கூசுது. ஆனா நல்ல கூச்சம்," என்றாள் ரோவீனா.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நாம் கோயிலை வலம் வருவோம். சாமி நம் வலக்கைப் பக்கம் இருக்கும். அவர்கள் இடம் வருவார்கள். ஆட்டத்தில் நடு எப்போதும் இடக்கைப் பக்கம், இதயம் இருக்கும் பக்கம் இருக்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நடக்கிற பிள்ளைக்கும் அது தெரியும்.

கல் பதிக்கும் வேலை மளமளவென்று நடந்தது. டெல்பர்ட் முழங்காலில் உட்கார்ந்து இணைப்பு இணைப்பாகத் தடவிப் பார்த்தார். ரோவீனா தினமும் வந்து நிறம் பார்த்தாள். வேலை முடிந்த அன்று டெல்பர்ட் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுவர் ஓரமாகவே நடந்து வெளியே போனார். தன் தரையை மிதிக்க அவருக்கே மனம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

*

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மதியம் ஒத்திகை.

பாட்டுக்காரர் கர்டிஸ் முன்னால் நின்றார். பின்னால் எட்னா அத்தை, அவருக்குப் பின்னால் ஆணும் பெண்ணுமாக நீண்ட வரிசை. டெல்பர்ட் சுவரோரம் நின்றார். பக்கத்தில் கார் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கர்டிஸ் குரல் எடுத்தார். வரிசை வாசலில் நுழைந்து பாதையில் கால் வைத்தது. சலங்கை ஒலித்தது. கொஞ்ச தூரம்தான் போனார்கள். எட்னா அத்தையின் சலங்கை நின்றது. அவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

"கர்டிஸ், எங்கப்பா கூட்டிட்டுப் போறே?"

"பாதை போற பக்கம் போறேன்."

"பாதை தப்பா போகுதே."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் நடுவைப் பார்த்தார்கள். சூரியன் வலக்கைப் பக்கம் இருந்தது.

நம்மூர்க் கோயிலாக இருந்தால் அந்தத் தரைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அது ஓக்லஹோமா.

டெல்பர்ட் நடுவுக்கு ஓடினார். ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"விசையைத் தட்டிட்டேன்," என்றார்.

"என்ன விசை?"

"கணினியில ஒரு விசை இருக்கு. தட்டினா படம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பிக்கும். கூரையில போடறதைக் கீழேருந்து பார்த்தா இடம் வலம் மாறித் தெரியும். அதனால திருப்பித்தான் போடணும். ஆயுசு முழுக்க வேலை முடிஞ்சதும் அந்த விசையைத் தட்டிட்டுத்தான் காபி குடிக்கப் போவேன்." அவர் குரல் இறங்கியது. "இதுக்கும் தட்டிட்டுக் காபி குடிக்கப் போயிட்டேன்."

ரோவீனாதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நானும் தினம் வந்து பார்த்தேனே! சிவப்பு சரியா இருக்கா, கறுப்பு சரியா இருக்கான்னு பார்த்தேனே! எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்க்கலையே! நல்ல டீச்சர், நல்ல மாணவர்!"

கர்டிஸும் சிரித்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. டெல்பர்ட்டால் மட்டும் சிரிக்க முடியவில்லை. தரையாவது ஆட்டத்துக்குள் இருக்கட்டும் என்று நினைத்தவர் அவர். இப்போது அந்தத் தரையே ஆட்டத்தை நிறுத்திவிட்டது.

மண்டப நிர்வாகி வந்து பார்த்தார். நல்ல மனிதர். கோபிக்கவில்லை.

"நாளைக்கு மேலே கம்பளம் விரிச்சிடலாம். விழா முடிஞ்சதும் பெயர்த்துட்டு வேற போட்டுக்கலாம்," என்றார்.

டெல்பர்ட் தலையாட்டினார். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

*

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே, ரோவீனா லாரியில் பெரிய இரும்புப் பானையோடு வந்தாள். பானை நிறைய பஷோஃபா. உடைத்த மக்காச்சோளத்தைப் பன்றிக் கறியோடு குழையக் குழைய வேகவைத்த சோறு. அது இல்லாமல் அந்த ஊரில் எந்த விழாவும் தொடங்காது.

மண்டபக் கதவு திறந்திருந்தது. சுவரோரம் சுருட்டிய கம்பளம் நின்றது. நடுவில் டெல்பர்ட் மண்டியிட்டிருந்தார். கையில் சுத்தியல், பக்கத்தில் உளி.

"என்ன மாமா இது?"

"கம்பளத்துக்குக் கீழே என் தப்பை ஒளிச்சு வைக்க வேண்டாம் டீச்சர். நான் போட்டதை நானே எடுத்துடறேன்."

"எங்கேருந்து ஆரம்பிக்கப் போறீங்க?"

"சூரியன்ல இருந்து. அதை எடுத்துட்டா மத்ததை எடுக்க மனசு கேட்கும்."

"சரி. முதல்ல வந்து இந்தப் பானையை ஒரு பக்கம் பிடிங்க. கனம். சூடு வேற."

மாமன் அல்லவா. சுத்தியலைப் பின்பாக்கெட்டில் சொருகிக்கொண்டு வந்தார். இருவரும் துணியைச் சுற்றிப் பிடித்து, மூச்சு வாங்க, பானையை உள்ளே தூக்கி வந்தார்கள்.

"எங்க வைக்கணும்?"

"சூரியன் மேல."

டெல்பர்ட் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பானையைப் பார்த்தாள். கை சுட்டது. வேறு வழியில்லாமல் வைத்தார்.

"இப்ப நான் எப்படி உடைக்கிறது?"

"சாப்பிட்டு முடிக்கட்டும். அகப்பையைப் பிடிங்க."

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலில் நுழைந்ததுமே மணம் மூக்கில் ஏறியது. பாதையாவது, பாம்பாவது. யாரும் சுருளோடு சுற்றி வரவில்லை. எல்லோரும் கல்லையும் பித்தளையையும் குறுக்கே மிதித்துக்கொண்டு நேராகப் பானைக்கு வந்தார்கள். டெல்பர்ட் பரிமாறினார். வாங்கியவர்கள் அங்கேயே கூட்டமாக நின்று சாப்பிட்டார்கள், சிலர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நிர்வாகி கம்பளத்தை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தார். விரிக்க இடமில்லை. அவரும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு கம்பளத்தின் மேலேயே உட்கார்ந்தார்.

"உப்பு சரியா இருக்கா?" என்று ரோவீனா எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தாள். தரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டெல்பர்ட்டின் பின்பாக்கெட்டில் சுத்தியல் மட்டும் கனமாக இருந்தது.

கர்டிஸ் கிண்ணத்தை வழித்து முடித்தார். வாயைத் துடைத்தார். வயிறு நிறைந்த சந்தோஷத்தில், யாரையும் கேட்காமல், முதல் அடியைப் பாடினார். நாலைந்து ஆண்கள் வாயில் சோற்றோடு பதில் பாடினார்கள். எட்னா அத்தை எழுந்தார். சலங்கை ஏற்கெனவே காலில் இருந்தது. பானைக்கு இடத்தோள் காட்டித் திரும்பினார், அது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. பாதையில் ஒரு மிதி வைத்தார். இன்னொரு மிதி வைத்தார். பாதை அவர் காலுக்குக் கீழே அதே பக்கம் வளைந்தது.

எட்னா அத்தை குனிந்து பார்த்தார். சலங்கை ஒரு கணம் தடுமாறியது.

"கர்டிஸ்!" என்று கத்தினார். "நிக்காதே! போ! வெளியே போ!"

"வெளியேயா?"

"பாதையோட போப்பா! வாசலைப் பார்த்துப் போ!"

கர்டிஸ் போனார். பானை இடப்பக்கம். இன்னொரு சுற்று. இப்போதும் பானை இடப்பக்கம். உள்ளே வரும்போது தப்பாக இருந்த அதே பாதை, நடுவிலிருந்து வெளியே போகும்போது சரியாக இருந்தது. ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்கவில்லை.

வரிசைக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பும் பதில் பாட்டும் கலந்து வந்தன. கிண்ணங்களை அங்கங்கே போட்டுவிட்டு ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். ஆமைச் சலங்கையும் டப்பாச் சலங்கையும் ஒன்றாக ஒலித்ததில் வட்டச் சுவர் அதிர்ந்தது. நிர்வாகி கம்பளத்தைக் காலால் ஓரமாக உருட்டிவிட்டு வரிசையில் சேர்ந்தார்.

டெல்பர்ட் அகப்பையோடு பானைப் பக்கத்தில் நின்றார். அவரைச் சுற்றி அவருடைய பாதை முழுக்கக் கால்கள். சிவப்பு ஓட்டின் மேல், கூழாங்கல்லின் மேல், பித்தளையின் மேல் கால்கள். வாழ்நாளில் அவர் வரைந்த எதையும் யாரும் இவ்வளவு பக்கத்தில் வந்து தொட்டதில்லை.

வரிசையின் கடைசியில் ரோவீனா வந்தாள். கையை நீட்டினாள்.

"இது பாடமா டீச்சர்?"

"இல்ல மாமா. கையைக் கொடுங்க."

"பதில் பாட்டு தெரியாதும்மா."

"வழி தெரியுமில்ல? நீங்க போட்டதுதானே."

அகப்பையைப் பானைக்குள் போட்டுவிட்டுக் கையைக் கொடுத்தார். முதலில் பாடிய பதில் தப்பான இடத்தில் விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்ததும் கொஞ்சம் பிந்தியது. அதற்கடுத்தது எல்லோருடைய குரலோடும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது, தன் குரல் எது என்று அவருக்கே தெரியவில்லை. அவருக்கு அழுகை வந்தது. சிரித்துக்கொண்டேதான் அழுதார். பின்பாக்கெட்டிலிருந்த சுத்தியல் ஒவ்வொரு மிதிக்கும் அவரை இடித்துக்கொண்டே வந்தது.

வரிசை வாசலைத் தாண்டிப் புல்வெளிக்குப் போயிற்று. வெயில் நன்றாக ஏறியிருந்தது. மண்டபத்துக்குள் சூரியன் மேல் பானை மட்டும் இருந்தது.

*

ஆட்டம் முடிந்ததும் மாமனும் மருமகளும் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அடியில் பிடித்ததுதான் ருசி என்பது எல்லா ஊரிலும் உண்டு.

"ஒண்ணு கேட்கட்டுமா டீச்சர்?"

"கேளுங்க."

"வெளியே போனா சரியா இருக்கும்னு தெரிஞ்சுதானே பானையை நடுவுல வெச்சீங்க?"

"அய்யோ, இல்ல மாமா. எனக்கு அதெல்லாம் தோணவே இல்ல."

"பின்னே?"

"நீங்க சுத்தியலோட உட்கார்ந்திருந்தீங்க. எங்கேருந்து உடைக்கப் போறீங்கன்னு கேட்டேன். சூரியன்னு சொன்னீங்க. அதனால சூரியன் மேல வெச்சேன். சோத்துப் பானையை நகர்த்திட்டு எவனும் உடைக்க மாட்டான்."

"அப்ப வழியைக் கண்டுபிடிச்சது யாரு?"

"எட்னா அத்தையோட கால்."

டெல்பர்ட் கொஞ்ச நேரம் சுரண்டினார். அப்புறம் பின்பாக்கெட்டிலிருந்து சுத்தியலை எடுத்துத் தரையில் வைத்தார்.

அந்தப் பக்கம் நிர்வாகி உற்சாகமாக வந்தார். பாதை நெடுகப் பித்தளையில் அம்புக்குறி பதித்துவிடலாமா, வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் என்று குழப்பம் வராதே என்று கேட்டார். டெல்பர்ட் அவருக்கு அடிப்பிடித்த சோறு ஒரு கிண்ணம் கொடுத்தார். அவர் அம்புக்குறியை மறந்துவிட்டார்.

அந்தத் தரை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அங்கே எந்த விழாவானாலும் பந்தி நடுவில்தான். ஆட்டம் உள்ளிருந்து வெளியே வரும். சின்னப் பிள்ளைகளிடம் கேட்டால், எப்போதும் அப்படித்தானே என்று சொல்லும்.

டெல்பர்ட்டின் கார் இப்போதெல்லாம் ஆட்டத்தின்போது தனியாகத்தான் நிற்கிறது.

அடுத்த பனிக்காலத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. அவர்களுக்கும் ஒரு தரை வேண்டுமாம். டெல்பர்ட்தான் போட வேண்டுமாம். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. டயர் கடையில் காகிதத்தை விரித்து, பென்சிலைச் சீவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கோடு போடுவதற்கு முன் பழைய கேள்வி மறுபடி தலை நீட்டியது.

"டீச்சர், இப்பவாவது சொல்லுங்க. இந்தத் தரையில பழசு எத்தனை பங்கு வைக்கட்டும்? புதுசு எத்தனை பங்கு வைக்கட்டும்?"

ரோவீனா ஒரு காலணியில் மரங்கொத்திக்குக் கொண்டை வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அது இருக்கட்டும் மாமா. அந்தப் பள்ளிக்கூடத்துல சோத்துப் பானையை எங்க வைப்பாங்கன்னு கேட்டீங்களா?"